உங்கள் தங்கை உயிரோடுதான் இருக்கிறாள்

பரளச்சி,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் செல்லப்பாண்டி அவர்களுக்கு, உங்கள் தங்கை முனீஸ்வரியைக் கட்டிய மருதுபாண்டி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு மழை இல்லை, மற்றபடி எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் வீட்டில் அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா? என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுத வேண்டியதாகிவிட்டது.

மச்சான், எல்லாம் ஒரு நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். நம் நாகஜோதி பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்து, மதுரையில் நர்சிங் படிக்க இடமும் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளை ஆளாக்கிய அத்தனை பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று அருப்புக்கோட்டைக்குப் போய் ஒரு பிளக்ஸ் போர்டு அடித்து, பஸ் ஸ்டாப்பில் கட்டினேன். குலசாமி, தலைமையாசிரியர், மகள் ஓடி வருவதைப் பார்த்தால் ஒரு நிமிடம் நிறுத்தும் பஸ் டிரைவர் ஜெயக்குமார், அவள் புத்தகத்துக்காக விற்ற கிடா என்று யாரையும் விடவில்லை. கிடாவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டியது மட்டும் பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் தங்கச்செல்வியின் சொந்த யோசனை. உங்கள் தங்கை தண்ணீர்க் குடத்தோடு வந்து அந்தப் போர்டின் கீழே நின்று, ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் படித்தாள். "கெடாவுக்கு எடம் இருந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்போதுதான் மச்சான், அவள் படம் அதில் இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது.

அன்றோடு என்னிடம் பேச்சு நின்றது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், "உங்கப்பாவுக்குச் சோறு வச்சிருக்கேன்னு சொல்லு" என்று மகளிடம் சொல்வாள். மகள் இல்லாவிட்டால் சோற்றுத்தட்டைத் தரையில் வைக்கும் சத்தம்தான் எனக்குத் தகவல். சரி, செய்த தப்பை அதே பிளக்ஸிலேயே திருத்துவோம், அவளுக்கு மட்டும் தனியாக ஒரு போர்டு வைப்போம் என்று மறுபடி அருப்புக்கோட்டைக்குப் போனேன். போனில் அவள் படத்தைத் தேடினால் ஒன்றுகூட இல்லை. ஆயிரம் படம் இருக்கிறது, எல்லாம் அவள் எடுத்தது. கடைசியில் ஆதார் கார்டைத்தான் கொடுத்தேன். "அண்ணே, விசேஷமா, துக்கமா?" என்று தங்கச்செல்வி கேட்டாள். "நன்றி" என்றேன். "நன்றிக்குன்னு தனியா டிசைன் கெடையாதுண்ணே, இதுல ஒண்ணைச் சொல்லுங்க" என்று வரிசையாகக் காட்டினாள். பூ அதிகமாக இருந்த ஒன்றை நான்தான் தொட்டுக் காட்டினேன். மேலே இரண்டு வெள்ளைப் புறா வேறு பறந்தது. 'எங்கள் குடும்பத்தின் ஒளிவிளக்கே, உன்னை என்றும் மறவோம்' என்ற வாசகமும் நானே சொன்னதுதான். ஆதாரில் இருந்த பிறந்த தேதியைத் தங்கச்செல்வி கீழே போட்டு, பக்கத்தில் ஒரு தேதிக்கு இடம் காலியாக விட்டிருந்தாள். ஊர் அதை அச்சுப்பிழை என்று பெருந்தன்மையாக மன்னித்துவிட்டது.

காலையில் கட்டினேன், மத்தியானத்துக்குள் வீட்டு வாசலில் கூட்டம். வீரசோழன் பஸ்ஸில் வந்து இறங்கிய என் சின்னம்மா மாயக்காள், தெருமுனையிலேயே தலையை விரித்துப்போட்டு மாரில் அடித்துக்கொண்டு வந்தார். "ஏ ஆத்தா முனீசு! வெயிலுன்னு பாக்காம மொளகா பொறுக்கி மகளப் படிக்க வச்சியே! காதுத் தோட்டக் கழத்திக் குடுத்துட்டுப் புள்ளைக்குப் போனு வாங்கினியே! கவரிங்கு போட்டிருக்கிறது இந்தப் பயலுக்குக் கடேசி வரைக்கும் தெரியாமப் போச்சே!" என்று அழுதார். உங்கள் தங்கை விளக்குமாறோடு வெளியே வந்து, "அத்தே, கத்தாதீக, நான் இருக்கேன்" என்றாள். சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்து, "இருக்கியா? இருக்கட்டும். எழவுன்னு கெளம்பி வந்துட்டுக் குளிக்காம வீடு போகக் கூடாது, தண்ணி எடு" என்றார். வந்த இருபத்து மூன்று பேரும் குளித்தார்கள். மூன்று நாளைக்கு வைத்திருந்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் காலி. தனக்கு அழுதவர்களுக்கெல்லாம் தானே தண்ணீர் மொண்டு ஊற்றிய பெண்பிள்ளை இந்தத் தாலுகாவில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

நீங்கள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வேன் பிடித்து வந்து, அருப்புக்கோட்டை டீக்கடையில் விஷயம் தெரிந்து, "ஒனக்கு நான் மச்சானே இல்ல" என்று போனில் கத்திவிட்டுத் திரும்பிப் போனதற்கு நான் வருத்தப்படவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். நாகஜோதி என்னிடம், "அப்பா, இனிமே நீங்க யாருக்கும் நன்றி சொல்லாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

பதினெட்டு வருடமாக நல்ல தகப்பன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் மச்சான். இப்போது யோசித்துப் பார்த்தால் நான் செய்ததெல்லாம் மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்டது மட்டும்தான். அந்தப் பேனாவையும் உங்கள் தங்கைதான் தேடி எடுத்துத் தந்திருப்பாள். அவள் காதில் இருப்பது கவரிங் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்குத் தெரியவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை முனீஸ்வரி மகளைக் கல்லூரியில் விட்டுவிட்டு, அங்கிருந்து அப்படியே திருப்பூருக்கு உங்கள் வீட்டுக்கு வந்துவிடப் போகிறாளாம். மகள் மூலமாகத் தகவல். அவள் போய்விட்டால் நான் எதற்கும் ஆகமாட்டேன். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அதனால் நீங்களே வேனைப் பிடித்து வந்து, அந்தக் கோடிச் சேலையை விசேஷச் சேலை என்று சொல்லிக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசி, என்னோடு இருக்கச் சொல்ல வேண்டும். என்னை அடிப்பதாக இருந்தாலும் வந்து அடியுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, போர்டு வைக்காத தகப்பனோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவனாக இப்போதைக்கு இருக்கும்
மருதுபாண்டி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம், வரவும் வேண்டாம். கவரை ஒட்டச் சோற்றுப்பருக்கை எடுக்க நான் அடுப்படிக்குப் போன நேரத்தில் முனீஸ்வரி இதை முழுக்கப் படித்துவிட்டாள். பதினோரு நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்தே பேசினாள். "ஊருக்குப் போர்டு வச்சீக. எங்கண்ணனுக்கு லெட்டர் எழுதுறீக. ஒரே வீட்டுலதான இருக்கேன், எங்கிட்டச் சொன்னா என்ன?" என்றாள். எதிரே உட்கார்ந்தேன். அரைமணி நேரமாகியும் வாய் வரவில்லை. "சரி, எழுதியாவது குடுங்க. திங்கக்கெழமை வரைக்கும் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். புதுத்தாள் எடுத்து 'அன்புள்ள முனீஸ்வரி' என்று எழுதினேன். அதற்குமேல் ஒரு வரி வரவில்லை மச்சான். இன்று ஞாயிற்றுக்கிழமை.