கலியாணக் கடிதத்தில் போர்க்களம்

தபால் முத்திரையை நாக்கில் வைக்கப்போன கந்தப்பு, திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டார். விரல் நுனியில் இருந்த அந்தச் சின்னக் கடதாசித் துண்டில் நாலு பேர் செத்துக் கிடந்தார்கள். கூடவே ஒரு குதிரை.

"இதென்ன மாஸ்ரர், பிணம்?"

பருத்தித்துறைத் தபாற்கந்தோர் மாஸ்ரர் செபநாயகம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "ஞாபகார்த்த முத்திரை, கந்தப்பண்ணை. சண்டையைப் படமாய்க் கீறின சித்திரகாரரைக் கனம் பண்ணி விட்டிருக்கினம்."

"கனம் பண்ணுறதெண்டால் அந்த மனிசன்ரை முகத்தையெல்லோ போடவேணும்? ஏன் பிணத்தைப் போட்டவை?"

"அவர் கீறினது பிணத்தைத்தானே."

"வேறை இல்லையோ?"

"இருக்கு. இது வேறை சித்திரகாரர். கப்பல் தாழுது."

மாப்பிள்ளைக்குக் கப்பலில்தான் வேலை. கந்தப்பு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "அதை உள்ளுக்கை வையும்! மற்றது?"

"இடிஞ்ச வீட்டு வாசலிலை ஒரு பொம்பிளை இருந்து அழுகிறா. அருமையான கீறல். கண்ணீர்கூடத் தெரியுது பாருங்கோ."

சாதாரண முத்திரை முடிந்துவிட்டது. திங்கட்கிழமைதான் வரும். ஆனால் கந்தப்புவின் கையில் இருந்ததோ மகள் பராசக்தியின் கலியாணத்துக்கு நாள் வைத்த கடிதம். நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, கோயிலில் வைத்து எடுத்து வந்தது. நாளைக்கு அட்டமி, ஆகாத நாள். இன்றைக்கே அது மயிலிட்டிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டாக வேண்டும்.

"எனக்கு உதுகளிலை நம்பிக்கையில்லை" என்றார் கந்தப்பு. பல்லி சொல்லி ஓயும்வரை காத்திருந்து, வலது காலை எடுத்துவைத்து வீட்டை விட்டு வந்தவர் அவர். "சம்பந்தியம்மாவை நினைக்கத்தான் யோசினையாய்க் கிடக்கு."

மாப்பிள்ளையின் தாய் இரத்தினம்மா பெண் பார்க்க வந்த அன்று, கந்தப்பு வீட்டு வாசற்படலையில் ஒரு பூனை குறுக்கே போனது. அந்த அம்மா வந்த வழியே திரும்பிப்போய், ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் உள்ளே காலடி வைத்தா. அப்படிப்பட்டவவுக்குப் பிணம் படுத்திருக்கும் முத்திரையா? பராசக்திக்கு ஏற்கெனவே மூன்று சம்பந்தங்கள் சகுனப் பிழையால் கலைந்துபோயின. இந்தச் சம்பந்தம் பொருந்தியதிலிருந்து அவள் கிணற்றடியில் பாட்டுப் பாடிக்கொண்டு தண்ணீர் அள்ளுகிறாள். அந்தப் பாட்டு நின்றுவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்று கந்தப்புவுக்குத் தெரியும்.

ஆனாலும் அவர் அசருகிற ஆளில்லை. "பிணத்தைத் தாரும். தலைகீழாய் ஒட்டினால் ஒருத்தருக்கும் விளங்காது."

ஒட்டினார். நன்றாகவே விளங்கியது. படுத்துக் கிடந்தவர்கள் இப்போது வௌவால்களைப் போல மேலிருந்து தொங்கினார்கள்.

"வேறை உறையிலை போடுவமே?" என்றார் செபநாயகம்.

"கோயிலிலை வைச்ச உறையை மாத்துறதோ? விசர்க்கதை கதையாதையும். பாரும், ஒரு விநாடி வேலை."

மடியிலிருந்த குங்குமப் பொட்டலத்தை அவிழ்த்து, செத்தவர்களின் மேல் ஆளுக்கொரு பொட்டு வைத்தார். மங்களமாகத்தான் இருந்தது. பிறகு ஈரத்தில் குங்குமம் ஊறத் தொடங்கியது. நாலு பேரிடமிருந்தும் சிவப்பாக வழிந்து குதிரைவரை ஓடியது.

செபநாயகம் எட்டிப் பார்த்தார். "இப்பதான் சண்டை மும்முரம்."

"பகிடி விடாதையும். அந்த அழுகிற பொம்பிளையைத் தாரும். மேலை ஒட்டி மூடிவிடுறன்."

குங்குமச் சேற்றில் அந்த முத்திரை நிற்கவில்லை. வழுக்கிப்போய்ப் பக்கத்தில் வடிவாக ஒட்டிக்கொண்டது. உரித்துப் பார்த்தார், வரவில்லை. இப்போது கதையில் ஒரு குறையும் இல்லை. இந்தப் பக்கம் இரத்த வெள்ளத்தில் புருசன், அந்தப் பக்கம் வாசலில் இருந்து அழும் பெண்சாதி.

"மாஸ்ரர், கடிதம் இண்டைக்குப் போகவேண்டாம்..." என்று கந்தப்பு வாயெடுக்கையில் வெளியே தபால் பஸ் ஹோர்ன் அடித்தது. பழக்கதோசத்தில் செபநாயகம் கடிதத்தை இழுத்து, டக்கு டக்கென்று இரண்டு குத்துக் குத்திப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டார். பை பஸ்ஸில் ஏறியது.

வீட்டில் மனைவி கமலாவதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தா. "இனி என்ன செய்யிறது?"

"ஏன் பயப்பிடுறாய்? விடியப் போய்த் தபால்காரன் வாறதுக்குமுன்னம் அவையின்ரை படலையிலை நிண்டு கடிதத்தை வாங்கிப்போடுவன். நான் பாத்துக்கொள்ளுறன்."

காலையில் மயிலிட்டியில் இறங்கிச் சம்பந்தி வீட்டுப் படலையைத் திறந்தார். ஒரு பூனை குறுக்கே ஓடியது. கந்தப்பு காலைப் பின்னுக்கு எடுத்தார். இன்னொன்று மற்றப் பக்கமாக ஓடியது. சரி, அதற்கு இது சரி என்று கணக்குப் பண்ணி உள்ளே போனால், விறாந்தை முழுக்கப் பூனை.

மாப்பிள்ளையின் தகப்பன் ஏரம்பு நடுவில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வாயில் ஒன்றும் நில்லாத மனிசன். "வாங்கோ அண்ணை, இருங்கோ. அவ இல்லை. முதல் பஸ்ஸிலை பருத்தித்துறைக்கு, உங்கடை பக்கம்தான் போயிட்டா."

கந்தப்புவுக்கு விளங்கிவிட்டது. சம்பந்தத்தை முறிக்கத்தான் போயிருக்கிறா. கிணற்றடிப் பாட்டு காதுக்குள் ஒருமுறை கேட்டு நின்றது.

"அப்ப... என்ரை கடிதம் வந்திட்டுதோ?"

"உங்கடை கடிதமோ? தபால்காரன் இன்னும் இந்தப் பக்கம் வரேல்லையே."

"பிறகேன் அவ போனவ?"

ஏரம்பு குரலைத் தாழ்த்தினார். "சொல்லக்கூடாதெண்டவ. நேற்று நாங்களும் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டனாங்கள். எங்கடை கந்தோரிலை ஒரு பொம்பிளை இருந்து அழுகிற முத்திரைதான் கிடந்தது. உங்கடை கையிலை சேருமுன்னம் தபால்காரனை மறிச்சு அதை வாங்கப் போயிட்டா."

கந்தப்புவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "சீ, ஒரு முத்திரைக்குப் போய் இவ்வளவு சகுனம் பாக்கிறதோ சம்பந்தியம்மா!"

மடியில் ஏறிய பூனையைத் தடவியபடி ஏரம்பு சிரித்தார். "அவ எங்கை அண்ணை சகுனம் பாக்கிறா? மூண்டு சம்பந்தத்தைச் சகுனம் சொல்லிக் கலைச்ச மனிசன் நீங்களெண்டு கேள்விப்பட்டுத்தான், அண்டைக்கு உங்கடை படலையிலை பூனையைக் கண்டதும் அவ திரும்பி ஓடினவ!"