வரையாட்டுக் கிடாவும் உடும்பும் பதினேழாம் விதியும்

தார் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு காட்டில், மலைச்சரிவு முடிகிற இடத்தில், ஒரு சுனை இருந்தது. மற்ற மாதங்களில் அதில் எல்லோருக்கும் தண்ணீர் உண்டு. சித்திரை பிறந்துவிட்டால் பாதிக் காட்டுக்குத்தான் வரும். மீதிப் பாதி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க வாய்க்காலுக்குப் போக வேண்டும். ரோட்டில் லாரிகள் ஓடும். லாரிகளுக்கு விலங்குகளின் பாஷை தெரியாது.

அதனால் வருஷத்துக்கு ஒரு சண்டை வைத்தார்கள். குளம்புக்காரர்கள் சார்பில் ஒருவர், நகக்காரர்கள் சார்பில் ஒருவர். ஜெயிக்கிற பக்கத்துக்குச் சுனை. தோற்கிற பக்கத்துக்கு ரோடு.

குளம்புக்காரர்களுக்காக இறங்கியவர் வரையாட்டுக் கிடா வீரபத்திரன். அவர் முட்டினால் பாறையே இரண்டடி நகர்ந்து நிற்கும். நகக்காரர்களுக்காக இறங்கியவர் உடும்பு மாசிலாமணி. அவருக்கு முட்டத் தெரியாது, உதைக்கத் தெரியாது. பிடிக்கத் தெரியும். கல்யாணத்தில் பிடித்த பெண்டாட்டியின் கையை மூன்றாம் நாள்தான் விட்டார் என்று ஊரில் சொல்வார்கள்.

முதல் வருஷம் விதி ஏதும் இல்லை. மாசிலாமணி பாய்ந்து கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். காலையில் பிடித்தவர் மத்தியானம்வரை விடவில்லை. பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். அப்போதும் அதே பிடி. கடைசியில் வீரபத்திரன் மயங்கி விழுந்தார்.

கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “இது சண்டையே இல்லை. இந்த விதியெல்லாம் பிடிக்கிறவனுக்குத்தான் சாதகம்.”

“விதியே இல்லையே?” என்றார் மனைவி செங்கமலம்.

“இல்லாததும் அவனுக்குத்தான் சாதகம்!”

சண்டைக் குழுவின் செயலாளர் முள்ளம்பன்றி தணிகாசலம். கோபமே வராதவர். யார் என்ன சொன்னாலும், “எழுத்துல குடுங்க” என்பார். வீரபத்திரன் எழுத்தில் கொடுத்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்றும், ஒவ்வொரு சுற்றும் எதிரெதிரே நின்றுதான் தொடங்க வேண்டும் என்றும் விதி வந்தது.

இரண்டாம் வருஷம் நின்று தொடங்கினார்கள். நின்ற இடத்திலிருந்தே வீரபத்திரன் ஒரு முட்டு முட்டினார். மாசிலாமணி பறந்து போய்ப் புளியமரத்துக் கிளையில் தொங்கினார். விழும்போதும் கிளையைப் பிடித்துக்கொண்டார் என்பதை நகக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் சுனை போய்விட்டது.

இப்போது மாசிலாமணி எழுத்தில் கொடுத்தார். விதியெல்லாம் அடிக்கிறவனுக்கே சாதகம் என்றார். தலையால் முட்டக்கூடாது என்று விதி வந்தது. தரையில் கிடப்பவரை உதைக்கக்கூடாது என்றும் வந்தது.

வீரபத்திரன் அதைப் படித்துவிட்டு நேரே தணிகாசலத்திடம் ஓடினார்.

“ஐயா, அவர் உடும்பு! முட்டையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து தரையிலதான் கிடக்கிறார்! எப்ப நிக்கிறார், எப்ப படுத்திருக்கார்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

தணிகாசலம் யோசித்தார். “வயிறு தரையில பட்டா படுத்திருக்கார். ஒரு துரும்பு நுழையற அளவுக்கு இடைவெளி இருந்தா நிக்கிறார்.”

“சண்டைக்கு நடுவுல யாருங்க துரும்பு விட்டுப் பார்க்கிறது?”

“எழுத்துல குடுங்க.”

இப்படியே இரண்டு பக்கமும் எழுதி எழுதி விதிகள் பதினாறு ஆயின. மூன்றாம் வருஷச் சண்டைக்குப் பத்து நாள் இருக்கும்போது கடைசி மனுக்களுக்கான வரிசையில் கிடாவும் உடும்பும் முன்னும் பின்னுமாக நின்றார்கள். படிவத்தின் முதல் கேள்வி, ‘மனுதாரர் அடிப்பவரா, பிடிப்பவரா? ஏதேனும் ஒன்றை மட்டும் டிக் செய்யவும்’ என்று இருந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. தணிகாசலம் சாப்பிடப் போயிருந்தார்.

“உங்க வீட்டுல எப்படி இருக்காங்க?” என்று மாசிலாமணிதான் ஆரம்பித்தார்.

“மாசமா இருக்கா. இந்த மாசக் கடைசின்னு சொல்றாங்க. அந்த வயித்தோட அவளால ரோட்டுல ஓட முடியாது.” வீரபத்திரன் கொஞ்சம் தயங்கிவிட்டு, “உங்களுக்கு?” என்றார்.

“பதினோரு குட்டிங்க. போன வருஷம் பதிமூணு இருந்துச்சு.”

போன வருஷம் ரோட்டைக் கடந்தது யார் பக்கம் என்று இருவருக்கும் தெரியும். பிறகு தணிகாசலம் வந்துவிட்டார். இருவரும் அவரவர் மனுவைக் கொடுத்தார்கள்.

வீரபத்திரன் அன்றைக்குக் கேட்டதுதான் பதினேழாம் விதி. உடும்பு பிடித்து, களைத்ததும் விட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பிடித்தால் அது என்ன நியாயம் என்று எழுதியிருந்தார். குழு ஏற்றுக்கொண்டது. ‘பிடித்தவர் நடுவர் சொல்லும்வரை விடக்கூடாது. விட்டால் அவர் தோற்றவர்’ என்று விதி வந்தது.

நடுவர் தேவாங்கு அமிர்தலிங்கம். குளம்பும் கிடையாது, பெரிய நகமும் கிடையாது; அந்தக் காட்டில் யாருக்கும் சொந்தமில்லை. அந்த ஒரு தகுதிக்காகத்தான் அவரை வைத்திருந்தார்கள். பகலில் அவருக்குக் கண் கூசும். ஒரு கையை மேலே தூக்குவதற்குள் பக்கத்தில் ஒரு கொடி பூத்துவிடும்.

சண்டை நாள் வந்தது. மூங்கில் வேலி கட்டி, சுற்றுக்கு மணி அடிக்க மரங்கொத்தியை உட்கார வைத்திருந்தார்கள். காடே திரண்டிருந்தது. செங்கமலம் முன்வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் சுற்றில் நின்று தொடங்கியதுமே மாசிலாமணி வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு படுத்துவிட்டார். வீரபத்திரன் சுற்றிச் சுற்றி வந்தார். உதைக்க முடியாது, படுத்திருக்கிறார். முட்டவும் முடியாது, விதி. கூட்டத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். மாசிலாமணிக்கு இடுப்பு வலித்து லேசாக வயிற்றைத் தூக்கினார். அந்தக் கணம் வீரபத்திரன் முன்குளம்பால் ஒன்று வைத்தார். உடும்பு வேலியோரம் வரை உருண்டு போனது. குளம்புக்காரர்கள் ஆர்ப்பரித்தார்கள். மரங்கொத்தி கொத்தியது. சுற்று முடிந்தது.

இரண்டாம் சுற்றில் வீரபத்திரனுக்குத் துணிச்சல் கூடிவிட்டது. நெருங்கி வந்தார். கொஞ்சம் அதிகமாகவே நெருங்கிவிட்டார். மாசிலாமணி தாவிக் கழுத்தில் ஏறி, வாலைக் காலில் சுற்றி, அவரை மூங்கில் வேலியோடு சேர்த்து அழுத்தினார். கிடாவுக்கு நகர இடமில்லை. பிடி இறுகியது. நாக்கு வெளியே வந்தது.

வீரபத்திரன் குளம்பால் தரையைத் தட்டினார். ஒருமுறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை. தோல்வியை ஒப்புக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அது இரண்டாம் விதி.

தட்டிய குளம்பைக் கிடாவின் உடம்பே மறைத்ததால் கூட்டத்துக்குத் தெரியவில்லை. மாசிலாமணிக்குத் தெரிந்தது. அமிர்தலிங்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“நடுவரே! தட்டிட்டாரு!” என்று மாசிலாமணி கத்தினார். ஆனால் பிடியில் வாய் கழுத்து ரோமத்துக்குள் புதைந்திருந்ததால் அது, “ந்ம்மே! தம்ம்ம்மு!” என்றுதான் கேட்டது.

அமிர்தலிங்கம் மெல்லத் தலையைத் திருப்பினார்.

மாசிலாமணியின் பிடிக்குள் கிடாவின் நாடி படபடவென்று அடித்தது. பிறகு விட்டுவிட்டு அடித்தது. பிறகு அடுத்த அடிக்காக அவரே காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. வேலிக்கு அப்பால் செங்கமலத்தின் முகம் தெரிந்தது.

அவர் பிடியை விட்டார். பிறந்ததிலிருந்து யாரும் சொல்லாமல் அவராக எதையும் விட்டது அதுதான் முதல்முறை.

வீரபத்திரன் சரிந்து விழுந்து மூச்சை இழுத்தார். அப்போதுதான் அமிர்தலிங்கத்தின் கை மேலே வந்து சேர்ந்தது. அவர் பார்த்தது உடும்பு பிடியை விட்டதை மட்டும்தான்.

“பதினேழாம் விதி. பிடியை விட்டவர் தோற்றவர். கிடா வெற்றி!”

குளம்புக்காரர்கள் வீரபத்திரனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மாசிலாமணி வேலியைத் தாண்டிப் போய்விட்டார்.

மறுநாள் காலை வீரபத்திரன் சுனையில் வயிறு முட்டக் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது தூரத்தில் ரோட்டோரம் மாசிலாமணி தெரிந்தார். பதினோரு குட்டிகளையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்.

“முதல்ல வலது பக்கம் பாக்கணும். அப்புறம் இடது பக்கம். அப்புறம் மறுபடி வலது பக்கம். எங்கே, சொல்லுங்க!”

குட்டிகள் பதினோரு பக்கம் பார்த்தன.

வீரபத்திரன் சுனையை விட்டுக் கரையேறினார். நேராகத் தணிகாசலத்திடம் போனார்.

“ஐயா, நான் ஜெயிக்கல. மூணு தடவை தட்டினேன். அவர் என் உயிரைக் காப்பாத்தத்தான் விட்டார். சுனை அவங்களுக்குத்தான் சேரணும்.”

“எழுத்துல குடுங்க” என்றார் தணிகாசலம்.

கொடுத்தார். ஆள் அனுப்பி மாசிலாமணியையும் கூப்பிட்டார்கள். காடு முழுவதும் கூடிவிட்டது. இப்படி ஒரு நேர்மையாளன் உண்டா என்று மான்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. இப்படி ஒரு இரக்கவான் உண்டா என்று கீரிகள் மூக்கைச் சிந்தின. பகையாளிகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

தணிகாசலம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

“கிடா தட்டியதாக ஒப்புக்கொண்டார். இரண்டாம் விதிப்படி தட்டியவர் தோற்றவர். அதனால் கிடா தோற்றார்.”

நகக்காரர்கள் குதித்தார்கள்.

“உடும்பு பிடியை விட்டார். பதினேழாம் விதிப்படி விட்டவர் தோற்றவர். அதனால் உடும்பும் தோற்றார்.”

நகக்காரர்கள் குதிப்பதை நிறுத்தினார்கள்.

“ஜெயித்தவர் இல்லாத வருஷத்தில் சுனை, சண்டையை நடத்தும் குழுவின் பராமரிப்பில் இருக்கும். பதினான்காம் விதி.”

“அப்படி ஒரு விதி எப்ப வந்துச்சு?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் பதிமூணுக்கும் பதினஞ்சுக்கும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்ப வந்தது. ஆட்சேபம் இருந்தா எழுத்துல குடுங்க. அடுத்த சித்திரைக்கு முன்னாடி எடுத்துப் பார்ப்போம்.” சொல்லிவிட்டுத் தணிகாசலம் சுனைக்குள் இறங்கிக் கால் கழுவிக்கொண்டார்.

வீடு வந்ததும் செங்கமலம் கேட்டார், “ஏங்க, நீங்க பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கக்கூடாதா?”

“குட்டிங்க பதினோரு பக்கம் பார்த்துச்சு செங்கமலம்” என்று மட்டும் சொன்னார் வீரபத்திரன்.

செங்கமலம் அவரை முறைத்தார். பிறகு எழுந்து, “சரி, கிளம்புங்க. வெயில் ஏறறதுக்குள்ள போய்ட்டு வந்துடலாம்” என்றார்.

அந்த வருஷம் காடு முழுவதும் ரோட்டைக் கடந்தது. முன்னால் மாசிலாமணி, பின்னால் வீரபத்திரன், நடுவில் செங்கமலமும் பதினோரு குட்டிகளும், அவர்களுக்குப் பின்னால் கீரியும் மானும் கரடியும் கலந்து ஒரு பர்லாங்கு நீளத்துக்கு ஒரே வரிசை. தினமும் ஒரே நேரத்தில் போனார்கள். லாரிக்காரர் ஒருவர் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, போனை எடுத்துப் படம் பிடித்தார். பின்னால் வந்தவர்களும் நிறுத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் யாரும் அடிபடவில்லை.

வாய்க்கால்வரை போகும் வழியெல்லாம் இருவரும் விவாதித்துக்கொண்டே போவார்கள்.

“என்னதான் சொல்லுங்க மாசிலாமணி, முட்டக்கூடாதுன்னு சொன்னப்பவே இது பிடிக்கிறவனுக்குன்னு ஆயிடுச்சு.”

“யோவ், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் எழுப்பி நிக்க வச்சா நான் எங்கய்யா பிடிக்கிறது? அது அடிக்கிறவனுக்குத்தான்!”

“எழுத்துல குடுங்க” என்றார் நடுவில் நடந்துகொண்டிருந்த செங்கமலம். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நீதி: இரக்கமும் உண்மையும் உயர்ந்த குணங்கள். நடுவர் கையைத் தூக்கும்வரை முதலாவதையும், தூக்கிய பிறகு இரண்டாவதையும் வெளியே காட்டிவிடாதே.