பூனைகளுக்கு மூன்று சீட்டு

என் மச்சானை வேனிலிருந்து இறக்கிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பூனைகளை உட்காரவைத்து ஊர் வந்து சேர்ந்தவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எங்கள் சொந்தக்காரர் யாரிடம் நீங்கள் பேச்சுக் கொடுத்தாலும், கொஞ்ச நேரத்தில் இந்தக் கதைக்குத்தான் வந்து நிற்பார்கள். அதுவும் அவரவர் கைச்சரக்கைச் சேர்த்து.

மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். போதும், ஊருக்கே போய்விடலாம் என்று நானும் என் மனைவி கவிதாவும் முடிவு செய்தபோது எங்களுக்கு ஒரு மகளும் இரண்டு பூனைகளும் இருந்தார்கள். (இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மகள் யாழினி கோபித்துக்கொள்வாள்.) பூனைகளுக்கு பிஸ்தா, பாதாம் என்று பெயர். பெயரைக் கேட்டு ஏதோ சுல்தான் அரண்மனையில் பிறந்ததுகள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஃப்ளாட்டுக்குப் பின்னால் இருந்த ஷவர்மா கடையின் குப்பைத்தொட்டி ஓரம் பிறந்ததுகள். குளிருக்கும் வெயிலுக்கும் அசராமல் கோழி எலும்பைக் கடித்து வளர்ந்த ஜாதி.

ஆனால் அவற்றை விமானத்தில் ஏற்றுவதற்காக நான் ஊசி, தோலுக்கடியில் மைக்ரோசிப்பு, சான்றிதழ், அனுமதி என்று அலைந்த அலைச்சலில், அவை எனக்கு ராஜ வம்சமாகிவிட்டன. போதாத குறைக்கு, செல்லப் பிராணிகளோடு ஊர் திரும்புகிறவர்களுக்கான ஒரு வாட்ஸாப் குழுவில் வேறு சேர்ந்திருந்தேன். அங்கே தினமும் ஒருத்தர் பயமுறுத்துவார். சத்தம் ஆகாது, பூ வாசனை ஆகாது, கூண்டைத் தரையில் வைக்கக் கூடாது, இரண்டு கூண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. மீறினால் பூனைக்கு ஸ்ட்ரெஸ் வந்துவிடும். அந்த 'ஸ்ட்ரெஸ்' என்ற வார்த்தையை நான் அந்த மாதம் சொன்ன அளவுக்கு, ஆயுசில் கடவுள் பெயரைக்கூடச் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருத்தன் வருகிறான் என்றால் டாக்ஸி பிடித்து வீடு வந்து சேர முடியாது. ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் ஏர்போர்ட்டுக்கு வந்து அழைத்துப் போனால்தான் மரியாதை. அப்படி எங்களுக்கும் சென்னைக்கு ஒரு வேன் வந்திருந்தது. அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம், அப்புறம் கவிதாவின் அண்ணன் செந்தில் மச்சான்.

செந்தில் மச்சான் சிதம்பரத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். அதிர்ந்து பேச மாட்டார். நாங்கள் வெளிநாட்டில் இருந்த வருடங்களில் கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றாலும், அப்பாவுக்கு நெஞ்சு வலித்தாலும், சிதம்பரத்திலிருந்து ஓடி வந்தவர் அவர்தான். அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு, எனக்காகச் சம்பங்கியும் ரோஜாவும் வைத்து ஆளுயர மாலை ஒன்று கட்டச் சொல்லி, வாழை இலையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

பூனைகளைப் பரிசோதித்து வெளியே விட நேரமாகிவிட்டது. விமானத்தில் வாந்தி எடுத்த யாழினியைக் கவிதா பாத்ரூமுக்கு அழைத்துப் போயிருந்தாள். வண்டி நிறுத்தும் இடத்தில் நான் தனியாக, இரண்டு கூண்டுகளோடு, ஒரு தளபதியைப் போல வந்து சேர்ந்தேன்.

மச்சான் சிரித்துக்கொண்டே மாலையைப் பிரித்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"மச்சான், மாலை வேணாம். சம்பங்கி வாசனை பூனைக்கு ஆகாது. வண்டிக்கு வெளியவே வெச்சிடுங்க."

அவர் கை அப்படியே நின்றது. பிறகு மாலையைப் பழையபடி இலையில் சுற்ற ஆரம்பித்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? நான் வேனுக்குள் தலையை விட்டு சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பெட்டிகளைப் பின்னால் ஏற்றியதுபோக மிச்சம் இருந்த இடத்தில், பூனைகளுக்கு மட்டும் மூன்று சீட்டு தேவைப்பட்டது. கூண்டுக்கு ஒன்று, கூண்டுக்கு ஒன்று, நடுவில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு ஒன்று.

"ஒரு ஆளுக்கு எடம் பத்தல" என்று அறிவித்தேன்.

"கூண்ட என் கால்கிட்ட வைடா, நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா.

"தரையில வைக்கக் கூடாதும்மா. உனக்கு இதெல்லாம் தெரியாது."

"அப்ப நான் எறங்கிக்கறேன்."

"நீங்க உக்காருங்கத்த" என்றார் மச்சான்.

அவர் அப்படிச் சொன்னதும் என் மூளை பிரகாசமாக வேலை செய்தது. (அந்த மூளையை அன்றைக்கே கழற்றி பூனைக்குப் போட்டிருக்கலாம்.) "மச்சான், நீங்கதான் அட்ஜஸ்ட் பண்ணிக்குவீங்க. தப்பா நெனைக்காதீங்க. பெருங்களத்தூர் போனா சிதம்பரம் பஸ் நெறைய இருக்கும். உங்களுக்கும் நேரா வீட்டுக்குப் போனமாதிரி ஆச்சி. நாங்க எப்படியும் கடலூரோட நின்னுடுவோம்."

ஏதோ அவருக்கு உபகாரம் செய்கிற குரலில் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"அதுக்கென்ன மாப்ள" என்றார். மாலையை எடுத்துக்கொண்டார். கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க" என்றார். போய்விட்டார். அப்பா என்னைப் பார்த்த பார்வையை, பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த கவிதா, "அண்ணன் எங்க?" என்றாள்.

"கடையில ஏதோ அவசரமாம். பஸ்ல போயிட்டாரு" என்றேன். வேனில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

என் பொய்க்கு மேல்மருவத்தூர் வரைக்கும்தான் ஆயுசு. அங்கே டீ குடிக்க நிறுத்தினோம். டிரைவர் கவிதாவிடம் டீயை நீட்டிவிட்டு, நல்லெண்ணத்தில் கேட்டார்: "அண்ணனுக்கு பஸ் கெடச்சிதா கேட்டீங்களாக்கா? முகூர்த்த நாளு, கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். இது அவரு ஃப்ரெண்டு வண்டி. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே அவுருதான் பேசி வெச்சாரு. கடைசில பூனைக்கி எடம் உட்டுட்டு அவுரே எறங்கிப் போயிட்டாரு, பாவம்."

வேன் அப்பா ஏற்பாடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆக, ஒரு மனிதரை அவருடைய வேனிலிருந்தே இறக்கிவிட்டிருக்கிறேன்.

கவிதா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டீயைக் கீழே ஊற்றினாள். வேனில் ஏறினாள். பாதாம் இருந்த கூண்டைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிஸ்தா இருந்த கூண்டைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அவ்வளவுதான். மூன்று சீட்டும் காலியாகிவிட்டன. அங்கிருந்து மஞ்சக்குப்பம் வரைக்கும் அந்தக் காலி சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வேறு எங்கே திரும்பினாலும் யாராவது ஒருத்தர் முகம் இருந்தது. பூனைகள் இரண்டும் ஒரு ஸ்ட்ரெஸ்ஸும் இல்லாமல் குறட்டை விட்டுத் தூங்கின.

மச்சானுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாப்ள" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாழினிக்குக் காதுகுத்து. காடாம்புலியூர் பக்கம் முந்திரித்தோப்புக்குள் இருக்கிற எங்கள் குலதெய்வக் கோயிலில், ஊர் திரும்பியதும் முதல் காரியம் அதுதான் என்று எப்போதோ முடிவாகியிருந்தது. அதை நினைவுபடுத்தினேன்.

"கடையில ஆள் இல்ல மாப்ள. பாக்குறேன்."

எங்கள் பக்கத்தில் 'பாக்குறேன்' என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். யாழினிக்கு இருப்பது ஒரே மாமன். கவிதா வேன் சம்பவத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வாக்கியமே அதுதான்: "எங்க அண்ணன் மடி இல்லாம எம்பொண்ணு காதுல ஊசி படாது. போய்க் கூட்டிக்கிட்டு வாங்க." இரண்டாவது வாக்கியம்: "கார் எடுக்காதீங்க. பஸ்ல போங்க. நின்னுக்கிட்டுப் போங்க."

தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடலூரில் பஸ் ஏறினேன். பஸ்ஸில் பாதி சீட்டு காலி. ஆனாலும் உட்கார மனசு வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் இரண்டு முறை உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை குரலைத் தாழ்த்தி, "என்ன சார், பைல்ஸா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்வதைவிட அது எவ்வளவோ கௌரவம்.

மச்சான் வீட்டில்தான் இருந்தார். "வாங்க மாப்ள" என்று எழுந்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மனைவி மல்லிகாக்கா காப்பி டம்ளரை வைத்த வேகத்தில் பாதி காப்பி டபராவுக்குப் போய்விட்டது.

வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். "மச்சான், அன்னிக்கு என்னன்னா, விமானத்துல வந்த பூனைக்கு ஸ்ட்ரெஸ்..."

"பூனைக்கி ஸ்ட்ரெஸ்ஸா தம்பி?" என்றார் மல்லிகாக்கா. "இந்த மனுஷன் அந்தக் கூட்டத்துல கால் வீங்க நின்னுக்கிட்டு வந்தாரே, அதுக்கு இன்னா பேரு?"

தரையைப் பார்த்தேன். மச்சானும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பூரா நின்னுக்கிட்டு வரல" என்றார். "திண்டிவனம் தாண்டி எடம் கெடச்சிது."

"அந்தக் கூட்டத்துல எப்படி?" என்றார் மல்லிகாக்கா.

"அதான் மனச அறுக்குது. மாப்ள, உங்ககிட்ட சொல்லிட்றேன். கையில அந்த மாலை. எல்லாம் கல்யாணக் கூட்டம். நான் மட்டும் மூஞ்ச தொங்கப் போட்டுக்கிட்டு மாலையோட நிக்கறேன். சீட்ல இருந்த பெரியவரு ஒருத்தரு, 'எழவுக்குப் போறியா தம்பி? யாரு தவறிட்டாங்க?'ன்னு கேட்டாரு. எனக்குக் கோவம். அந்தக் கோவத்துல..." காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "எங்க தங்கச்சி வீட்டுக்காரருன்னு சொல்லிட்டேன்."

மல்லிகாக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"அவுரு உடனே எழுந்துட்டாரு. கையப் புடிச்சி உக்கார வெச்சாரு. எத்தன வயசுன்னாரு. சொன்னேன். பசங்க இருக்கான்னாரு. ஒரு பொண்ணுன்னேன். அவுரு கண்ணுல தண்ணி. எனக்கும் வந்துடிச்சி." மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நல்லா இருக்கற மனுஷன, தங்கச்சி தாலிய நெனைக்காம, ஒரு சீட்டுக்காகவா அப்படிச் சொன்னேன்? எறங்கினதும் நேரா தில்லைக் காளி கோயிலுக்குப் போயி, அந்த மாலையக் குடுத்து, சொன்னது பலிக்கக் கூடாது தாயேன்னு கும்புட்டுட்டுதான் வீட்டுக்கு வந்தேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு புள்ளைய மடியில உக்கார வெக்கிறது மாப்ள? அதான் வரல."

அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! இறக்கிவிட்டவன் நான். வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர். எழுந்து காலில் விழப் போனேன். பையிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்த தாம்பாளம் சரிந்து வாழைப்பழமெல்லாம் கட்டிலுக்கடியில் ஓடியது.

முதலில் சிரித்தது மல்லிகாக்காதான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட, உசுரோட இருக்கறவன செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கெட்டின்னு தெரியாதா உங்களுக்கு? இத எங்கிட்ட மொதல்லயே சொல்லக் கூடாது? தம்பி, நீங்க காப்பியக் குடிங்க. செத்த ஆளு எத்தன நேரம் பட்டினி கெடக்கறது?"

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று பயந்து பார்த்தேன். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கம்மலோடும் சீர்வரிசையோடும் வந்துவிட்டார். அவர் மடியில் உட்கார்ந்துதான் யாழினி காது குத்திக்கொண்டாள். ஊசி பட்டதும் அவர் சட்டையைப் பிடித்துக் கிழித்துவிட்டாள். மாமனுக்கு மரியாதையாக நான் மாலை போடப் போனபோது, காதருகில் மெதுவாகச் சொன்னார்: "எறந்தவரு கையால மாலை வாங்கறது எனக்கு இதான் மொத தடவ மாப்ள."

அன்றோடு முடியவில்லை. வருடாவருடம் நாங்கள் ஊர் திரும்பிய அதே நாளில், மத்தியானம் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு மல்லிகாக்காவிடமிருந்து போன் வரும். "தம்பி, இன்னிக்கு உங்க நாளு. வடை பாயசத்தோட எல போட்டாச்சி. காக்கா வந்து எடுத்துக்கிச்சி. நீங்க திருப்தியா இருக்கீங்களா?" பின்னால் மச்சான் சிரிக்கிற சத்தம் கேட்கும். கவிதா ஸ்பீக்கரில் போட்டு வீடு முழுக்கக் கேட்கவைப்பாள். பிஸ்தாவும் பாதாமும் மீன்காரம்மா கூடையைத் தேடித் தெருவுக்குப் போயிருக்கும்.

இந்த வருடம் போன் வரவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கவிதா இலையைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். எனக்குக் கை ஓடவில்லை. பழைய கோபம் ஏதாவது மறுபடி கிளம்பிவிட்டதா, நான் புதிதாக ஏதாவது செய்து தொலைத்தேனா என்று யோசித்து யோசித்து, கடைசியில் நானே மச்சானைக் கூப்பிட்டேன்.

"என்ன மச்சான், இந்த வருஷம் எனக்குத் திதி குடுக்கலயா?"

"அடடா, கடையில சரக்கு வந்து எறங்கிச்சி மாப்ள, சுத்தமா மறந்துட்டேன்" என்றார். "நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க. மறந்தவங்களுக்குத்தான் மாளய அமாவாசை இருக்குதே, அதுல சேத்துக் குடுத்துட்றேன்."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.