ஏழு சீனக் காசும் ஒரு உருண்டைப் பழப்புளியும்

நாலு வீடியோ பார்த்தால் எந்தத் துறையிலும் நிபுணனாகிவிடுகிற வியாதி எனக்கு உண்டு. தக்காளி வளர்ப்பு, கார் பிரேக், முதுகுவலி என்று பல துறைகளில் இப்படிப் புகுந்திருக்கிறேன். (தக்காளி காய்க்கவில்லை. முதுகு இன்னும் வலிக்கிறது.) கடைசியாக நான் கை வைத்தது பழைய சீனக் காசில்.

லிட்கம் புறநகரில் எங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் தனியாக இருப்பவர் ராசன் அங்கிள். மன்னாரில் கரைவலை இழுத்தவர். படகில் இந்த நாட்டுக்கு வந்து, தற்காலிக விசாவில் பல வருடங்கள் காத்துக் கிடந்தவர். ஒருநாள் தேநீர் குடிக்க வந்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்துக் காட்டினார். நடுவில் சதுர ஓட்டை, சுற்றிலும் நாலு சீன எழுத்து, மேலெல்லாம் பச்சைக் களிம்பு. இளம் வயதில் வலையோடு கரைக்கு வந்ததாம்.

எனக்குக் கை துறுதுறுத்தது. "தாங்கோ அங்கிள், இது உண்மையான பழங்காசோ, இப்ப செய்த போலியோ எண்டு நான் பார்த்துச் சொல்லுறன்."

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் தந்தார். "கவனம் தம்பி. என்னோட வந்தது இது ஒண்டுதான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகேக்க வாங்கிறன்."

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஞாயிறு சந்தையில் அதேபோன்ற ஆறு காசுகளை வாங்கி வந்தேன். ஆறும் போலி என்று விற்றவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் களிம்புக்குள்ளால் எழுத்துச் சரியாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு முன் பித்தளை விளக்கு மினுக்குவது என் பொறுப்பு. பழகிய கை. குசினிக்குள் போய், ஒரு கிண்ணத்தில் பழப்புளியைக் கரைத்து, ஏழு காசையும் ஒன்றாகப் போட்டேன். (ஒரே வேலையில் முடியுமே என்ற கெட்டித்தனம்.) தண்ணீர் பச்சையானது. வரலாற்றையே சுத்தம் செய்வதாக நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

மனைவி சுகந்தி எட்டிப் பார்த்தாள். "என்னப்பா செய்யிறியள்?"

"ஆராய்ச்சி."

"இதில அங்கிளின்ர காசு எது?"

கிண்ணத்தைப் பார்த்தேன். ஏழும் பூசை மணி போலப் பளபளவென்று மின்னின. எது எதென்று எனக்கே தெரியவில்லை.

"அந்த மனுசன் கடல் தாண்டிக் கொண்டுவந்தது அது ஒண்டுதானே!" சுகந்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் ஏழையும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, என்னோடு வேலை செய்யும் மிஸிஸ் லின்னிடம் ஓடினேன். அவருடைய அப்பா பழங்காசு வியாபாரி. மிஸிஸ் லின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறு காசுகளில் ஒரே எழுத்தின் பக்கத்தில் ஒரே அளவுக் கொப்புளம் இருந்தது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்றார். ஏழாவதில் கொப்புளம் இல்லை. அதன் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது, ஓட்டைக்குள் அரம் போட்ட கீறல் தெரிந்தது. அங்கிளின் காசு கிடைத்துவிட்டது! நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது உண்மையான பழங்காசுதானே?" என்று கேட்டேன்.

"இருக்கலாம்," என்றார். "அந்தப் பச்சைக் களிம்பு தானாக ஊறியதா, பூசியதா என்று பார்த்திருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பேன். இதை எதில் கழுவினாய்?"

சொன்னேன். உருப்பெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, அங்கிளின் காசைத் தனியாக ஒரு காகிதத்தில் சுற்றித் தந்தார்.

வெள்ளிக்கிழமை அங்கிள் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் காருக்குள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்கிள், இனி இது உண்மையோ எண்டு ஒருதராலும் அடிச்சுச் சொல்லேலாது. என்னிலதான் பிழை."

"தம்பி, உண்மையோ எண்டு நான் உம்மட்டைக் கேட்டனானே?"

அவர் காசை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"இஞ்ச வந்த நாள் தொடக்கம் என்னட்டைத்தான் கேட்டவங்கள். நீ சொல்லுறது உண்மையோ, பேப்பர் எங்க, சாட்சி எங்க எண்டு. எத்தினை வருசம்! இந்தக் காசிட்டை மட்டும் ஒருதரும் ஒண்டும் கேக்கேல்லை எண்டு சந்தோசமா வச்சிருந்தனான்."

கோயில் வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. அவர்தான் என் தோளில் தட்டினார். "வாரும், பூசை தொடங்கப் போகுது."

இப்போதும் வெள்ளிக்கிழமைக்கு விளக்கு மினுக்குவது நான்தான். ஆனால் சுகந்தி மேசையிலிருக்கும் சில்லறை, சாவி எல்லாவற்றையும் எடுத்து ஒளித்த பிறகுதான் புளியைக் கையில் தருவாள். பிள்ளைகளும் தங்கள் விளையாட்டுப் பதக்கங்களை அறைக்குள் கொண்டுபோய்விடுவார்கள். அங்கிளின் காசு மெல்ல மெல்ல மங்கி வருகிறது. தேநீருக்கு வரும்போதெல்லாம் அதை என் முன்னால் வைப்பார்.

"தம்பி, இண்டைக்கு எப்பிடி, உண்மைதானோ?"

"ஓம் அங்கிள், உண்மைதான்," என்பேன், தொடாமல்.