ஸ்டேஷன் வேகனுக்கு ஒரு ஜெபக் குறிப்பு

ஜெனிஷா, சபை ரோஸி அக்காவின் வெள்ளைச் சேலைக்கு ஃபால்ஸ் வைத்துக்கொண்டிருந்தாள். மடி முழுக்கச் சேலை. வாய் முழுக்கக் குண்டூசி. காலடியில் மகள் ரியா காலி நூல்கண்டை உருட்டி பஸ் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் புருஷன் பிராங்க் ஷெட்டுக்குள் வந்து இடுப்பில் கைவைத்து நின்றான்.

"ஜெனி, ஒரு முடிவு பண்ணிட்டேன்."

பிராங்க் முடிவு பண்ணினால் வீட்டில் ஏதாவது ஒன்று பிரிந்து கிடக்கும். போன முடிவில் மிக்ஸி. அதற்கு முந்தின முடிவில் வாஷிங் மெஷின். அதன் தொட்டியில் இப்போது கற்றாழை வளர்கிறது. கழற்றுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. திரும்ப மாட்டும்போதுதான் எப்படியோ கொஞ்சம் ஸ்குரூ மிச்சமாகிவிடும். அந்த மிச்சத்தை எல்லாம் சேர்த்து வைத்திருந்தால் இந்நேரம் ஒரு ரயில் இஞ்சினே செய்திருக்கலாம்.

"செம்பரம்பாக்கத்துல பழைய ஸ்டேஷன் வேகன் ஒண்ணு கிடக்கு. அத வாங்கி, நானே பிரிச்சு, நானே தட்டி, நானே பெயிண்ட் அடிச்சு, புதுசாக்கி ஓட்டப் போறேன். என்ன சொல்ற?"

"ம்ம்ம்ம்!" என்றாள் ஜெனிஷா. வேண்டாம் என்பதற்கும் அதுதான். ஊசி குத்துகிறது என்பதற்கும் அதுதான்.

"எனக்குத் தெரியும். நீ மட்டும் வேணாம்னு சொல்லவே மாட்ட," என்று பூரித்துப் போனான் பிராங்க்.

உண்மையைச் சொன்னால், வாயில் ஊசி இல்லாவிட்டாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வகுப்பில் உட்கார்ந்தபடியே லீவு வாங்கியவள் அவள். படிப்பு எட்டாவதோடு நின்றது. வெட்கம் நிற்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பத்மா அக்காவின் தலை மேலே எழும்பியது.

"இன்னா அண்ணாத்தே, டேசன் வண்டியா? எந்த டேசன்? அம்பத்தூரா, ஆவடியா?"

"போலீஸ் ஸ்டேஷன் இல்லக்கா. அந்தக் காலத்துல ரயில்வே ஸ்டேஷனுக்கு ஆளையும் பெட்டியையும் ஏத்திக்கிட்டுப் போறதுக்குன்னு வந்த வண்டி. அதான் அந்தப் பேரு."

"டேசனுக்குத்தான் ஷேர் ஆட்டோ போவுதே."

"நீங்க போட்டோவப் பாருங்கக்கா, அப்புறம் பேசுங்க."

பத்மா அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள். தூர வைத்துப் பார்த்தாள். கிட்ட வைத்துப் பார்த்தாள்.

"அய்ய! பின்னால நீட்டிக்கினு, சுத்தியும் கண்ணாடி வெச்சிக்கினு… பொணம் ஏத்தற வண்டி மாரி கீது!"

"அக்கா, அது குடும்ப வண்டிக்கா!"

"குடும்பத்தோடயா? ஐயையோ, இந்த பச்சப் புள்ளையுமா!"

பிராங்க் போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். ஜெனிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்ணூர்பேட்டையில் அவர்கள் இருந்த வீட்டுக்குள் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டால்தான் சோறும் குழம்பும் வேறு வேறாகத் தெரியும். வெளிச்சம் என்று இருந்தது பக்கவாட்டில் தகரம் போட்ட இந்த ஷெட் ஒன்றில்தான். இதில்தான் அவளுடைய தையல் மெஷின். இங்கேதான் தெருப் பெண்கள் ரவிக்கைத் துணியோடு வந்து உட்காருவார்கள். "கழுத்து இன்னும் கொஞ்சம் மேல வரணும்க்கா, இல்லன்னா தோள் இறங்கிடும்" என்று ஒரு வார்த்தையை அவள் தைரியமாகச் சொல்வது இந்த இடத்தில்தான். தெருவில் வண்டி நிறுத்தினால் தண்ணி லாரி நுழையாது. ஆகவே வண்டி வந்தால் ஷெட்டுக்குத்தான் வரும்.

"மெஷின உள் ரூம்ல போட்டுக்கலாம் ஜெனி. கொஞ்ச நாள்தான்," என்று உள்ளே இருந்தே குரல் கொடுத்தான் பிராங்க்.

அவனுடைய கொஞ்ச நாள் எவ்வளவு நாள் என்பதற்கு அந்தக் கற்றாழையே சாட்சி. பூவே விட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூன்று பேரும் டூவீலரில் செம்பரம்பாக்கத்துக்குப் போனார்கள். ஒரு குடோனுக்குப் பின்னால், முள்ளுச்செடிக்கு நடுவில் வண்டி கிடந்தது. அதன் சொந்தக்காரர் எத்திராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பொண்ணு காட்டுகிற மாதிரி அதைச் சுற்றிக் காட்டினார்.

"இஞ்சின் எங்கண்ணா?" என்று பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான் பிராங்க்.

"அது ஒண்ணுதான் மாமே இல்ல. மத்தபடி அல்லாம் ஒரிஜினல்."

"பிரேக் புடிக்குமா?"

"இஞ்சினே இல்லாத வண்டிக்கு பிரேக் இன்னாத்துக்கு நைனா? தானா நிக்குது பாரு, எம்மாம் அயகா!"

"பின்சீட்டு?"

"சீட்டு ஒரிஜினலு. மேல கீற கோழிதான் புச்சு."

பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது இவர்களை வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களைப் போல முறைத்தது. பிராங்க் எதையும் கவனிக்கவில்லை. ஓட்டை விழுந்த தரையில் ஜாக்கிரதையாகக் காலை வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டான். ரியா பக்கத்தில் ஏறி "பாம் பாம்" என்றாள். அவனும் "பாம் பாம்" என்றான். இரண்டு பேரில் யாருக்கு வயது மூன்று என்று சொல்வது கஷ்டமாக இருந்தது.

ஜெனிஷா சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். பின்கதவு மேலே தூக்கி நின்றது. கால் வலித்ததால் அந்த விளிம்பில் உட்கார்ந்தாள். காலைத் தொங்கப் போட்டாள். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து முகத்தில் அடித்தது. தலைக்கு மேலே கதவின் நிழல். மண்ணூர்பேட்டையில் வீசாத காற்று. அவளை அறியாமல் கண் மூடியது.

பிராங்க் இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பாத்தியா, கதவத் தூக்கி நிறுத்துனா குடை மாதிரி நிழல். உன் மெஷின இதுக்குள்ளயே வெச்சுருவோம் ஜெனி. ஏரிக்கரையில கொண்டுபோய் நிறுத்திட்டா, நீ பாட்டுக்குத் தைக்கலாம். நான் ரியாவுக்கு மீன் காட்டிக்கிட்டு இருப்பேன்."

"ரவிக்கைக்கு அளவு குடுக்க எல்லாரும் ஏரிக்கு வருவாங்களா?"

"வண்டிய அனுப்பிக் கூட்டிக்கிட்டு வருவோம்!"

"இஞ்சின்?"

"அது வந்துரும்!"

ஜெனிஷா வாய்விட்டுச் சிரித்தாள். கோழியே எழுந்து நின்று பார்த்தது. அவள் மெஷினையும் சேர்த்து யாரும் அதுவரை கனவு கண்டதில்லை.

அந்தச் சிரிப்பு பூந்தமல்லி தாண்டுவதற்குள் ஆறிப்போனது. வீட்டுக்கு வந்து ஷெட்டில் நின்றதும் மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். கஷ்டப்பட்டு வாயைத் திறந்தாள்.

"என்னங்க… வந்து… ஷெட்டு…"

"நான் ஜெபம் பண்ணிட்டேன் ஜெனி," என்றான் பிராங்க் சாந்தமாக. "எனக்கு சமாதானம் கெடச்சிருச்சு."

அவ்வளவுதான். அவர்கள் சபையில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பெண் பார்த்தாலும் சரி, வேலை மாறினாலும் சரி, ஜெபம் பண்ணினேன், சமாதானம் கிடைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் பாஸ்டர் ஐயாவே வாயை மூடிக்கொள்வார். பிராங்க் இதுவரை மிக்ஸிக்கெல்லாம் இந்த ஆயுதத்தை எடுத்ததில்லை. இதற்கு எடுத்துவிட்டான் என்றால், வண்டி மனசுக்குள் பார்க் ஆகிவிட்டது என்று அர்த்தம். அடுத்த நாளே எங்கிருந்தோ ஒரு ரப்பர் ஹாரனை வேறு வாங்கிக்கொண்டு வந்து வைத்தான். இஞ்சினுக்கு முன்னால் ஹாரன்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம். இந்த முறை இவர்கள் வீட்டில். ரோஸி அக்காதான் நடத்துபவர். பெரிய குரல், பெரிய மனசு, இரண்டு முழங்காலிலும் வலி. பெண்கள் பாயில் நெருக்கி உட்கார்ந்தார்கள். பிராங்க் ஷிப்டு முடிந்து வந்து, சமையல்கட்டு வாசலில் டீத் தட்டோடு நின்றான்.

"ஜெபக் குறிப்பு யாருக்காவது இருக்காம்மா?" என்றார் ரோஸி அக்கா, வழக்கம்போல எல்லாரையும் பார்த்து. ஜெனிஷாவைப் பார்க்கவில்லை. அவள் ஆமென் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை.

"எனக்கு ஒண்ணு இருக்குக்கா."

பாய் திரும்பிப் பார்த்தது. டீத் தட்டும் திரும்பியது.

"அவரு… ஒரு வண்டி வாங்கறாரு. பெரிய வண்டி. நெருக்கி உக்காந்தா எட்டுப் பேரு போலாம். பின்னாடி சாமான் வெக்கவும் இடம் இருக்கு. ஜெபம் பண்ணாரு, சமாதானம் கெடச்சிருக்கு. அந்த வண்டி எல்லாருக்கும் பிரயோஜனமா இருக்கணும்னு ஜெபிச்சுக்கோங்கக்கா."

சொன்னது அத்தனையும் உண்மை. இஞ்சினைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"ஸ்தோத்திரம்!" என்று ரோஸி அக்கா கூரை அதிரச் சொன்னார். "எட்டுப் பேரா! பஸ்ஸுல ஏற முடியாம என் முழங்கால் படற பாடு கர்த்தருக்குத் தெரிஞ்சிருக்கு! முன்சீட்டு எனக்கு."

"ஞாயித்துக்கிழமை பாடியிலேர்ந்து எங்க அம்மாவையும் ஏத்திக்கலாமே, தம்பி?"

"ஆவடியில நாலு பேரு இருக்காங்க. விடியக்காலையே கெளம்பிட்டா முதல் ஆராதனைக்கு வந்துரலாம்."

"அவங்கள விட்டுட்டு வந்து ரெண்டாவது ஆராதனைக்காரங்கள ஏத்தட்டும்."

"கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு அண்டா எடுக்க இனிமே ஆட்டோ வேணாம்!"

"ஸ்பீக்கர் பாக்ஸ்?"

"பின்னாடி இடம் இருக்குன்னு ஜெனிஷா சொல்லுதே!"

"தம்பி, ஓட்டறதுக்கு நீயேதான் வரணும். வேற யார் கையிலயும் குடுத்துராத," என்றார் ரோஸி அக்கா, கண் கலங்க. பிறகு எல்லாரும் கண்ணை மூடினார்கள். அந்த வண்டிக்காக ரோஸி அக்கா பண்ணின ஜெபத்தில் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. டயர் நான்கையும் தனித்தனியாக ஆசீர்வதித்தார். ஜெனிஷா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பிராங்க் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றான். லீவு நாள் எல்லாம் ஒன்றொன்றாக அவன் கண் முன்னால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தன.

மறுநாள் அவன் ஷெட் ஓரமாக வந்து உட்கார்ந்தான்.

"ஜெனி… எனக்கு சமாதானம் இல்ல."

"எதுக்குங்க?"

"வண்டிக்குத்தான். முன்ன இருந்துச்சு. நேத்திலேர்ந்து போயிருச்சு." பிறகு அவளைப் பார்த்தான். "எட்டுப் பேருன்னு நீயா எண்ணுன?"

"கோழிய சேக்கலீங்க."

சிரிப்பான் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. எழுந்து போய் எத்திராஜுக்குப் போன் பண்ணி வண்டி வேண்டாம் என்றான். அந்த ஹாரனை என்ன செய்வது என்று தெரியாமல், கடைசியில் அவளுடைய தையல் மெஷின் பலகையிலேயே திருகி மாட்டினான். அதில் மட்டும் ஒரு ஸ்குரூகூட மிச்சமாகவில்லை.

ஷெட் தப்பித்தது. வெளிச்சம் தப்பித்தது. ஜெனிஷாவுக்குத்தான் அந்த வெளிச்சத்தில் உட்காரக் கூசியது. வாழ்க்கையில் முதன்முதலாக நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தாள். திறந்தது புருஷன் ஆசையை மூடுவதற்கு. "ஷெட்டு எனக்கு வேணும்" என்று அவனிடமே நேராகச் சொல்லியிருக்கலாம். அவன் கேட்டிருப்பானோ என்னவோ. சண்டையாவது போட்டிருப்பான். சாமியைச் சாட்சிக்கு இழுத்து ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றாமல் இருந்திருக்கலாம்.

இதோடு முடிந்திருந்தால்கூட மறந்திருப்பாள். முகப்பேரில் ஒரு காபிக் கடைக்காரர் அந்த வண்டியை வாங்கி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, கடை வாசலில் நிறுத்திவிட்டார். பின்கதவைத் தூக்கி வைத்து, விளிம்பில் மெத்தை போட்டிருக்கிறது. சின்னப் பையன்களும் பெண்களும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு காபி குடித்து, போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது ரியாதான் பார்த்தாள்.

"அம்மா, அப்பா வண்டி!"

ஜெனிஷா அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிராங்க் அந்த வழியாகப் போவதில்லை. போனில் இருந்த போட்டோவை மட்டும் அவன் அழிக்கவில்லை.

இன்றைக்கும் வாய் நிறைய ஊசியோடு அவள் தைத்துக்கொண்டிருந்தாள். பிராங்க் எதிரில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தான். ரியா ஹாரனை அமுக்கினாள். பாம் என்றது. பிராங்க் ஒரு நொடி நிமிர்ந்து, பிறகு குனிந்துகொண்டான்.

இன்று சொல்லிவிடுவது என்று ஜெனிஷா முடிவு பண்ணினாள். வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள்.

"என்னங்க."

"ம்?"

"அந்த வண்டி விஷயம்…"

வாசலில் இஞ்சின் உறுமியது. கூடவே ரோஸி அக்கா குரல், இஞ்சினையும் தாண்டி.

"பிராங்க் தம்பி! ஸ்தோத்திரம்! நீ விட்டாலும் நாங்க ஜெபத்த விடல! சபைக்கே ஒரு பழைய வேன் குடுத்திருக்காங்க! நீதான் டிரைவர்னு பாஸ்டர் ஐயாவுக்கு சமாதானம் கெடச்சிருச்சு!"

பிராங்க் கையிலிருந்து ஸ்குரூ உருண்டு மெஷினுக்கு அடியில் போனது.

"ஜெனிஷா! எங்கம்மா இருக்க? சீக்கிரம் வா! வேன நிறுத்த உங்க ஷெட்டுன்னு எனக்கும் சமாதானம் கெடச்சிருச்சு, வந்து மெஷினக் கொஞ்சம் தள்ளு!"

ஜெனிஷா எழுந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஹாரன் அடித்தது, இந்தப் பக்கம் ரியா பதிலுக்கு அடித்தாள். போவதற்கு முன்னால் இதை மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்று அவள் புருஷன் பக்கம் திரும்பி, "என்னங்க, அன்னிக்கு ஏரிக்கிட்ட அந்தப் பின்கதவுல உக்காந்தப்ப, எனக்கும் சமாதானம் கெடச்சுதுங்க," என்றாள்.