படிக்காமல் போட்ட கையெழுத்து

குஷாய்குடா, ஹைதராபாத்
புதன்கிழமை காலை

சிரஞ்சீவி சந்தானத்துக்கு அத்திம்பேர் விஸ்வநாத்தின் ஆசீர்வாதம். இவ்விடம் உன் அக்கா சகுந்தலா சௌக்கியம். அவ்விடம் ஸ்ரீரங்கத்தில் உங்கள் சௌக்கியத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் உன் மேல் இருக்கும் கோபத்தில் இந்தத் தடவை விசாரிப்பதாக இல்லை.

தீபாவளிக்குப் போனில் என்ன சொன்னாய்? "தினம் படிச்சா மூளை துருப்பிடிக்காது அத்திம்பேர், மனசு அமைதியா இருக்கும்" என்றாய். நான்தான் தினம் காலை ஐந்தரைக்கு பால்கனியில் உட்கார்ந்து, இங்கே ஒரு நாள் தாமதமாக வரும் தமிழ்ப் பேப்பரை வாய்விட்டுப் படிக்கிறேனே என்றேன். (ஃபாக்டரி இரைச்சலில் முப்பத்தாறு வருஷம் பேசிய தொண்டை, எனக்கு மெதுவாகப் படிக்க வராது.) "தெரிஞ்ச எழுத்தைப் படிச்சா மூளைக்கு என்ன வேலை? புதுசா ஒண்ணு கத்துக்கோங்கோ" என்றாய். சரி, சின்னவன் சொன்னாலும் நல்லதைத்தானே சொல்கிறான் என்று, இத்தனை வருஷம் பேச மட்டுமே தெரிந்த தெலுங்கை, ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கி எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். செகந்திராபாத் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து கடை போர்டுகளைப் படிப்பேன். ஒரு போர்டைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு ஸ்டாப் போய்விடும். ஆனாலும் மூன்றே மாதத்தில் தேறிவிட்டேன். அங்கே பிடித்தது சனி.

எங்கள் அபார்ட்மெண்டில் லிஃப்ட் பக்கத்தில் பல வருஷமாக ஒரு தெலுங்கு நோட்டீஸ் இருக்கிறது. லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்பது பற்றியது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். அது கிழிந்து தொங்கியபோது சொந்தமாக செல்லோடேப் வாங்கி ஒட்டியவனும் நான்தான். போன வெள்ளிக்கிழமை லிஃப்ட் வரத் தாமதமானதால் அதைப் படித்தேன். "காலை ஆறரை மணிக்கு முன் பால்கனியில் யாரும் சத்தம் போட்டுப் பேப்பர் படிக்கக் கூடாது." சந்தானம், இந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு வீடு. அதில் சத்தம் போட்டுப் பேப்பர் படிப்பவர் எத்தனை பேர் என்று நினைக்கிறாய்?

நேரே அபார்ட்மெண்ட் சங்கத்துச் செயலாளர் சந்திரமோகனிடம் போய், கூட்டத் தீர்மானங்களை எழுதி வைக்கும் மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நக்கோ சார், வேண்டாம், பழசெல்லாம் இப்போ எதுக்கு?" என்றார். விடவில்லை, தெலுங்கில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பன்னிரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி மூன்று தீர்மானங்கள். மூன்றும் ஒருமனதாக நிறைவேறியிருக்கின்றன. மூன்றிலும் என் கையெழுத்து இருக்கிறது. இரண்டாவது தீர்மானத்தை வழிமொழிந்தவனே நான்தான். ஃபாக்டரியில் சோதனைப் பிரிவில் இருந்த காலத்தில் ஒரு காகிதத்தில்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போடாதவன், இங்கே கூட்டத்தில் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டே, எல்லோரும் கை தூக்குகிறார்களே என்று தூக்கியிருக்கிறேன். "என்னிடம் நேரிலே சொல்லியிருக்கக் கூடாதா ஐயா?" என்றேன். "எப்படி சார் சொல்றது? நோட்டீஸை நீங்களே புது டேப் போட்டு ஒட்டினீங்க. மறுநாளும் அதே சத்தத்திலே படிச்சீங்க. இதுக்கு மேலே இவர்கிட்டே என்ன பேசறதுன்னு நாங்க எல்லாம் பயந்துட்டோம்" என்கிறார்.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் பொங்கினேன். அவள் புடலங்காயை நறுக்கிக்கொண்டே, "எனக்குத் தெரியுமே" என்றாள். காய்கறி வாங்கப் போய்ப் போய் அவளுக்குத் தெலுங்கு படிக்க எப்போதோ வந்துவிட்டதாம்! ஏன் சொல்லவில்லை என்றால், "சொன்னா மெதுவாப் படிச்சிருப்பேளா?" என்கிறாள்.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை என் வீட்டுச் சுண்டல் தின்றவர்கள், பார்க்கும்போதெல்லாம் "நமஸ்தே சார்" என்றவர்கள், இத்தனை நாள் என்னைச் சகித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது மனதை அறுக்கிறது. எனக்கு அழுகை வந்தது, உன்னிடம் சொல்வதற்கென்ன. அதனால் திங்கட்கிழமையிலிருந்து தெலுங்குப் பேப்பர் வாங்கி, அதே பால்கனியில், அதே ஐந்தரைக்கு, அவர்களுக்கே புரியும்படி படிக்கிறேன். எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். ஒரு வார்த்தை முடியச் சற்று நேரம் ஆகிறது. மேல் மாடி ஸ்டெல்லா மேடம், ரிட்டயரான நர்ஸ், நேற்று பொறுக்க முடியாமல் மாடியிலிருந்தே வார்த்தையின் பாக்கியைக் கத்திவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஆகவே நான் தீர்மானித்துவிட்டேன். இந்த வீட்டை விற்றுவிட்டு ஸ்ரீரங்கத்துக்கே வருகிறேன். உன் வீட்டுப் பக்கமாக, கீழ்த்தளத்தில், பால்கனியே இல்லாத வீடாகப் பார். உன் அக்கா வர மாட்டேன் என்கிறாள். நீ பேசினால் கேட்பாள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. வேண்டாம் என்று எழுதி வைத்த இடத்தில் இனி ஒரு நாளும் எனக்குத் தூக்கம் வராது.

உனக்கும் குழந்தைகளுக்கும் பெருமாள் சகல சம்பத்தும் கொடுக்கட்டும். புத்தகம் படிக்கிற பழக்கத்தை மட்டும் கொடுக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்திம்பேர்
விஸ்வநாத்

பின்குறிப்பு: வியாழக்கிழமை. வீடு பார்க்காதே. கவரை ஒட்டப் போகும்போது அவசரக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். போனதும் சந்திரமோகன் மினிட்ஸ் புத்தகத்தை என் முன்னால் வைத்து, "கோபத்திலே ஒரு பக்கம் விட்டுட்டீங்க சார்" என்றார். எனக்கு பைபாஸ் ஆன வருஷத்துப் பக்கம். "விஸ்வநாத் காரு பத்தொன்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். காலையில் அவர் குரல் இல்லாமல் நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். அவர் திரும்பி வந்து படிக்க ஆரம்பித்தால் இனி யாரும் எதுவும் சொல்லக் கூடாது." அதற்குக் கீழேயும் என் கையெழுத்து இருக்கிறது, சந்தானம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நீட்டியிருப்பார்கள், அதையும் படிக்காமல்தான் போட்டிருக்கிறேன். கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

பிறகு புதுத் தீர்மானத்தை நீட்டினார்கள். இந்தத் தடவை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பதினொரு நிமிஷம் ஆயிற்று, இருபத்திரண்டு வீட்டாரும் நின்றுகொண்டே இருந்தார்கள். "விஸ்வநாத் காரு எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் தமிழில் மட்டும். தமிழ் புரியாததால் விழித்தாலும் மறுபடி தூங்க முடிகிறது. தெலுங்கில் வார்த்தை எப்போது முடியும் என்று காத்திருந்தே எல்லோருக்கும் விடிந்துவிடுகிறது." முன்மொழிந்தவர் பெயரையும் விடாமல் எழுத்துக்கூட்டிப் படித்தேன்: திருமதி சகுந்தலா விஸ்வநாத்.