இடது கையும் ஏழு நாள் கெடுவும்

கிழக்குத் தாம்பரம்
14-3-1972

மரியாதைக்குரிய மச்சான் எலியேசர் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஹில்டாவின் கணவன் சத்தியநாதன் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் இரத்தக் கொதிப்பு நீங்கலாக. சரோஜினி அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். செங்கல்பட்டு கோர்ட்டில் சிரஸ்தாராக இருக்கும் தங்களிடம் ஒரு சட்ட யோசனை கேட்கவே இந்த இன்லண்டு லெட்டர்.

ஹில்டா பள்ளிக்கூடத்துக்கும் நான் ஆபீசுக்கும் போய்விடுவதால் பியூலாவைத் தெருக்கோடி சேவா சங்கத்துக் குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறோம். இம்மாதம் இரண்டாம் தேதி எனக்குப் பல்வலி. அரை நாள் லீவு போட்டு மத்தியானமே பிள்ளையைக் கூப்பிடப் போனேன். மூன்று வயதுப் பிள்ளை, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், இடது கையை இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டியிருக்கிறது. வலது கையால் சாப்பிடப் பழக்குகிறார்களாம். அவளுக்கு எல்லாமே இடது கைதான் என்று தங்களுக்கே தெரியும். வாய்க்குப் போனதைவிட மடியில் விழுந்த சோறுதான் அதிகம். ஆயா கங்கம்மாவைச் சத்தம் போட்டேன்.

"நான் இன்னா சார் பண்றது? கட்டச் சொன்னாங்கோ, கட்னேன்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டால், சட்டி கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் டீச்சர் ரத்தினபாய் அம்மாவிடம் போனேன். புகாரைப் புகார்ப் புத்தகத்தில்தான் எழுத வேண்டும், அதுவும் சம்பவம் நடந்த ஏழு நாளைக்குள் எழுத வேண்டும் என்று, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்த விதியைக் காட்டினார்கள். புத்தகம் பீரோவில் இருக்கிறதாம், சாவி செயலாளர் வேதசிரோமணி ஐயாவிடம் இருக்கிறதாம், ஐயா மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை மட்டும்தான் வருவாராம். விரல் விட்டு எண்ணினேன், அது ஒன்பதாம் நாள். அவர் வீட்டுக்கு ஓடினால், கோவளத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறிக் கோவளம் போனேன். ஐயா மீன் ஏலத்தில் வஞ்சிரம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாவி இடுப்பில்தான் இருந்தது, ஆனால் புகார் கொடுக்கிறவர் கையில் அதைக் கொடுக்க விதியில்லையாம். தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். புத்தகத்தில் இல்லாத புகார் புகாரே அல்ல என்றுவிட்டு மீனுக்குத் திரும்பிவிட்டார்.

பதினோராம் தேதி எட்டு மணிக்கே போய் நின்றேன். பீரோ திறந்தது. ஏழு வருஷமாக ஒரு எழுத்துகூட ஏறாத புத்தகம், மச்சான். இத்தனை வருஷத்தில் ஒரு புகாரும் வந்ததில்லை என்று ஐயா பெருமையாக அதைத் தடவிக் காட்டினார். பேனாவைத் திறந்தேன். சம்பவத் தேதியைக் கேட்டார், சொன்னேன், புத்தகத்தை மூடிவிட்டார்.

"கெடு தாண்டிப் போச்சே தம்பி. மறுபடியும் கட்டினாங்கன்னா உடனே வாங்க, புதுசா ஏழு நாள் இருக்கு."

அதாவது என் பிள்ளையின் கையை இன்னொரு தரம் கட்ட வேண்டுமாம், அதுவும் இரண்டாம் சனிக்கிழமைக்கு முந்தின வாரமாகப் பார்த்து! இனி கட்டவே வேண்டியதில்லை. நேற்று வீட்டில் சாப்பிடும்போது பியூலா தானாகவே இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

தாமதத்தை மன்னிக்கக் கோர்ட்டில் வழி உண்டாமே? உடனே எழுதுங்கள். கட்டச் சொன்னது யாராயிருந்தாலும் சரி, அந்தப் பெயரைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஏற்றாமல் நான் ஓயமாட்டேன். அக்காவுக்கு எங்கள் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சத்தியநாதன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் ஹில்டா இதை வாங்கிப் படித்தாள். கட்டச் சொன்னதே அவள்தானாம். "சின்ன வயசுல எனக்கும் இப்படித்தான் கட்டினாங்க. கட்டினது எங்க அண்ணன்தான். நான் என்ன கெட்டா போயிட்டேன்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நடந்து பன்னெண்டு நாள் ஆச்சு. ஏழு நாளைக்குள்ள கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுத்து வந்தாள். இடது கையில். நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். நாளைக் காலையில் கங்கம்மாவிடம் தானே பேசுகிறாளாம். சட்ட யோசனை வேண்டாம், மச்சான். தாங்கள் ஹில்டாவுக்கு எந்த வருஷம் கட்டினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.